ஆற்றில் போட்டு... குளத்தில் தேடி...

விருத்தாசலத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஊருக்கு வந்து பழமலைநாதரைப் பாடினார். (திருமுதுகுன்றம் என்று தேவாரம் சொல்வது இந்த ஊரைத்தான்.) சுவாமி மகிழ்ந்துபோய் 12,000 பொன் கொடுத்தார். அவ்வளவையும் திருவாரூருக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவது? அந்தக் காலத்தில் பாங்க் டிராஃப்டும் கிடையாது, ஜி-பேயும் கிடையாது. 'மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போ, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்' என்று உத்தரவாயிற்று. போட்டார். அங்கே போய் கமலாலயத்தில் எடுத்தார்.

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற வித்தை அவருக்குப் பலித்தது. பலிக்காதா பின்னே? அவர் பட்டமே தம்பிரான் தோழர்!

நமக்கு அப்படி மேலிடத்துச் சிபாரிசு எதுவும் இல்லை. ஆனால், இன்றைக்கு இன்டர்நெட்டில் பாதிப் பக்கங்கள் இந்த வித்தையைத்தான் நம்மிடம் காட்டுகின்றன. தலைப்பு மட்டும் தெரியும். பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. தட்டினால் விஷயம் சரேலென்று கீழே இறங்கும். மறுபடி தட்டினால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். கண் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வசதி.

கண் தெரியாதவர்களுக்கு?

ஒரு கடைசி தேதியின் கதை

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பி.ஏ. படித்தவர். பார்வை கிடையாது. ஆனால் கம்ப்யூட்டரில் அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. காரணம், என்.வி.டி.ஏ. என்றொரு ஸ்க்ரீன் ரீடர். திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துக் காட்டுகிற சாஃப்ட்வேர். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற இளைஞர் எழுத ஆரம்பித்தார். அவருக்கும் பார்வை கிடையாது. காசு கொடுத்து வாங்கவேண்டிய ரீடர்கள் எட்டாத விலையில் இருக்கின்றனவே என்ற கடுப்பில் எழுதியது. இன்றைக்கும் இலவசம். தமிழும் வாசிக்கும்.

என் நண்பர் அதை வைத்திருக்கிற வேகத்தில் கேட்டால் நமக்கு 'கிச்கிச்' என்று எலி கத்துவது போலத்தான் இருக்கும். அவர் டீ குடித்துக்கொண்டே அதில் முழு நோட்டிபிகேஷனையும் கேட்டு முடித்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தார். எந்த ஆபீஸ் வேலை, யாருடைய வெப்சைட் என்பதெல்லாம் வேண்டாம். பக்கத்தைத் திறந்தார். ரீடர் வாசித்தது: "தகுதி. கட்டணம். கடைசி தேதி. எங்களைத் தொடர்புகொள்ள."

அவ்வளவுதான். தகுதி என்று தலைப்பு இருக்கிறது, தகுதி என்னவென்று இல்லை. கடைசி தேதி என்று இருக்கிறது, தேதி இல்லை. டேப் கீயைத் தட்டிப் பார்த்தார். அது மூன்று தலைப்பையும் தாண்டி நேராகத் தொடர்புகொள்ளக் குதித்தது.

'சரி, விவரம் இன்னும் ஏத்தலை போலிருக்கு' என்று நினைத்துக்கொண்டார். நாலு நாள் கழித்துப் பார்த்தார். அதே. இன்னும் ஒரு வாரம் விட்டுப் பார்த்தார். அதே.

பிறகு ஒருநாள் அக்கா மகன் லீவுக்கு வந்தான். அவனைப் பார்க்கச் சொன்னார். "மாமா, இங்க எல்லாமே இருக்கே, ப்ளஸ்ஸை அழுத்தினா திறக்குதே" என்றான் பையன்.

"கடைசி தேதி என்னடா போட்டிருக்கான்?"

பையன் கொஞ்சநேரம் பேசவில்லை. தேதி முந்தாநாள் முடிந்திருந்தது. வயது வரம்பின்படி அவருக்கு அந்த வேலைக்கு அதுதான் கடைசி வருஷம்.

"பரீட்சையில ஃபெயிலாகியிருந்தாக்கூட பரவாயில்லைங்க. படிக்கலை, தோத்தேன்னு மனசைத் தேத்திக்கலாம். ஒரு கூட்டல் குறிகிட்ட தோத்துட்டேன்" என்றார் என்னிடம்.

இந்தக் கட்டுரை அந்தக் கூட்டல் குறியைப் பற்றித்தான்.

அக்கார்டியன் வாசிப்பவர்கள்

இந்தத் திறந்து மூடும் பலகைக்கு கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் அக்கார்டியன். கழுத்தில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து வாசிப்பார்களே, நம்ம ஆர்மோனியத்தின் சீமைச் சித்தப்பா மகன், அதேதான். விரியும், சுருங்கும்.

1997 வாக்கில் வந்த பிரவுசர்களிலேயே ஒரு பக்கத்தின் பகுதியை மறைத்துக் காட்டுகிற வித்தை வந்துவிட்டது. 2006-ல் ஜேக்வெரி என்ற இலவசச் சரக்கு வந்ததும் ஒரே வரி எழுதினால் போதும், பலகை வழுக்கிக்கொண்டு திறக்கும் என்றாகிவிட்டது. அதன் பிறகு கேட்கவேண்டுமா? செல்போன் திரையோ உள்ளங்கை அளவு. பத்து பக்கம் விஷயத்தை அதில் திணிக்க வேண்டும். 'எல்லாத்தையும் மடிச்சு வை, வேணுங்கறவன் பிரிச்சுக்கட்டும்' என்று ஆரம்பித்தார்கள். கேள்வி-பதில் பக்கம், பஸ் கம்பெனி, ஆஸ்பத்திரி, காலேஜ் அட்மிஷன், எல்லா இடத்திலும் மடித்து வைத்தாயிற்று.

மடித்து வைப்பது தப்பில்லை. விருத்தாசலம் கோயிலில் ஆழத்துப் பிள்ளையார் இருக்கிறார். தரைமட்டத்துக்குக் கீழே, ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒளிந்துகொண்டா இருக்கிறார்? இல்லை. 'இங்கே கீழே ஒருத்தர் இருக்கிறார்' என்று தெரிகிறது. இறங்கப் படி இருக்கிறது. கும்பிட்டுவிட்டு ஏறி வருகிறோம்.

உள்ளே ஒன்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு வழி வேண்டும். அந்த வெப்சைட்டில் இரண்டுமே இல்லை.

ஃப்யூஸ் போன இருட்டில்...

என் நண்பரை அழைத்துக்கொண்டு ஒருநாள் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போனேன். அங்கே சின்னதாக யூனிட் வைத்திருக்கும் ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். ஃப்யூஸ் கேரியர், பொம்மை, அகல் விளக்கு என்று சீஸனுக்குத் தகுந்த மாதிரி செய்வார். அவர் மகன் டிப்ளமா முடித்தவன். 'அப்பா, காலம் மாறிப்போச்சு' என்று சொல்லி, பொம்மைகளை விற்க ஒரு வெப்சைட் தானே கட்டியிருந்தான். அதைக் காட்டத்தான் கூப்பிட்டிருந்தான்.

காட்டினான். அருமையாக இருந்தது. பிள்ளையார், தசாவதாரம், குதிரை, அகல் என்று தலைப்புகள். தட்டினால் படமும் அளவும் விலையும் விரிந்தன.

"அண்ணே, நீங்க பாருங்கண்ணே" என்று லேப்டாப்பை நண்பர் பக்கம் தள்ளினான். நண்பர் தன்னுடைய பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே என்.வி.டி.ஏ.வை ஓடவிட்டார். (அப்படியும் ஓடும். இன்ஸ்டால் செய்யவேண்டியதில்லை.) ரீடர் கிச்கிச் என்றது. டேப் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"தம்பி, பிள்ளையார்னு பேர் மட்டும் கேக்குது. பிள்ளையாரைக் காணோமே?"

பையன் முகம் தொங்கிப்போய்விட்டது. "பட்டன் வெச்சிருக்கேனேண்ணே!"

"பட்டன் வெச்சியா, பட்டன் மாதிரி வெச்சியா?"

இதுவரை ஓரமாக உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த பெரியவருக்கு விஷயம் புரியவில்லை. விளக்கினோம். கேட்டுவிட்டு எழுந்துபோய் ஒரு பீங்கான் ஃப்யூஸ் கேரியரை எடுத்துவந்து மகன் கையில் வைத்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு, இது என்னா?"

"ஃப்யூஸ் கேரியர்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"பிடி இருக்கு... ரெண்டு பக்கமும் செம்பு இருக்கு..."

"மாட்டியிருக்கா, கழட்டியிருக்கா?"

"கழட்டி கையிலதானப்பா குடுத்திருக்க."

"அவ்ளோதான்டா. ஃப்யூஸ் போறது ராத்திரியில. கரண்ட் இல்லாத இருட்டுல தடவித்தான் பிடுங்கணும். அதுக்குத்தான் பிடி வெச்சு வாக்குறோம். நீ சுவத்துல ஃப்யூஸ் மாதிரி படம் வரைஞ்சு வெச்சிருக்க. வெளிச்சத்துல பாக்கறவனுக்கு அழகாத்தான் இருக்கும். இருட்டுல தடவுறவனுக்கு அது வெறும் சுவரு."

இதைவிடச் சுருக்கமாக எந்தப் புரொபசரும் பாடம் எடுத்து நான் கேட்டதில்லை.

பேர், வேலை, நிலைமை

பெரியவர் சொன்னதையேதான் உலகமும் விதியாக எழுதி வைத்திருக்கிறது. வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1994-ல் தொடங்கிய டபிள்யூ த்ரீ சி என்ற அமைப்புதான் வெப்புக்குப் பஞ்சாயத்து போர்டு. ஊனமுற்றவர்களும் வெப்பைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கான விதிகளை அது முதலில் 1999-லும், பெரிய அளவில் மாற்றி எழுதி 2008-லும் வெளியிட்டது. 2018-லும் 2023-லும் புதிதாகச் சேர்த்தது. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்று பெயர்.

அதில் நமக்கு வேண்டிய விதி ஒன்று: திரையில் நாம் இயக்கக்கூடிய எந்தப் பொருளும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உன் பேர் என்ன? உன் வேலை என்ன? இப்போது உன் நிலைமை என்ன?

ஃப்யூஸைப் பாருங்கள். பேர், ஹால் ஃப்யூஸ். வேலை, பிடுங்கி மாட்டுவது. நிலைமை, மாட்டியிருக்கிறது. மூன்றும் கைக்கே தெரிகிறது.

பையன் கட்டிய பக்கத்தில் பேர் மட்டும் இருந்தது. காரணம், 'டிவ்' என்கிற வெறும் பெட்டிக்கு பட்டன் போலக் கலர் அடித்து, கூட்டல் குறி போட்டு, 'மௌஸ் இதன் மேல் தட்டினால் திற' என்று எழுதியிருந்தான். டிவ் என்பது அரிசி மூட்டை மாதிரி. எதை வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். ஆனால் டேப் கீ அதன்மேல் நிற்காது. என்டர் தட்டினால் கேட்காது. 'நான் பட்டன்' என்று ரீடரிடம் சொல்லாது. சில சமயம் ரீடர் மோப்பம் பிடித்து 'இதைக் கிளிக் செய்யலாம்' என்று சொல்லும்; என்டர் வேலையும் செய்துவிடும். அப்போதுகூடத் திறந்ததா மூடியதா என்று தெரியாது. தட்டிவிட்டு இருட்டில் நிற்க வேண்டியதுதான்.

என்ன செய்ய வேண்டும்? பையன் அங்கேயே உட்கார்ந்து மாற்றினான். மூன்றே மாற்றம்.

முதலாவது, டிவ்வைத் தூக்கிவிட்டு 'பட்டன்' என்ற நிஜமான பட்டனைப் போட்டான். இது ஹெச்.டி.எம்.எல். மொழியிலேயே இருக்கிறது. இதைப் போட்டதுமே டேப் கீ நிற்கும், என்டரும் ஸ்பேஸ் பாரும் வேலை செய்யும். 'பட்டன்' என்று ரீடர் தானாகச் சொல்லும். ஒரு பைசா செலவில்லை. தலைப்பு தலைப்பாகவும் இருக்க வேண்டும் என்பதால், தலைப்புக்குள்ளே பட்டனை வைத்தான். ரீடரில் ஹெச் கீயைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுகிறவர்களுக்கு அது உதவும்.

இரண்டாவது, அந்தப் பட்டனில் 'ஏரியா-எக்ஸ்பாண்டட்' என்று ஒரு சீட்டு ஒட்டினான். (இது 'நம்ம ஏரியா' இல்லை; ஏ.ஆர்.ஐ.ஏ. டபிள்யூ த்ரீ சி 2014-ல் முழுசாக ஏற்றுக்கொண்ட விதித்தொகுப்பு.) மூடியிருந்தால் அதில் 'ஃபால்ஸ்', திறந்தால் 'ட்ரூ'. தட்டும்போதெல்லாம் இந்தச் சீட்டையும் மாற்ற வேண்டும். அப்போதுதான் 'பிள்ளையார், பட்டன், மூடியிருக்கிறது' என்று ரீடர் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லும்.

மூன்றாவது, மூடும்போது பலகையை நிஜமாக மூடினான். 'ஹிடன்' என்ற ஒரு வார்த்தை போதும். கண்ணுக்கும் இல்லை, காதுக்கும் இல்லை, டேப் கீக்கும் இல்லை. திறந்தால் மூவருக்கும் உண்டு. பலகையை அதன் பட்டனுக்கு நேர் கீழேயே வைத்தான். திறந்ததும் அடுத்த வரியாக விஷயம் காதில் விழ வேண்டுமே!

கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பெரியவர் இரண்டாவது பீடி முடித்திருந்தார்.

சூளையிலிருந்தே வந்த சரக்கு

இவ்வளவும் கையால் செய்யவேண்டுமா என்று சோம்பல்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி. ரெடிமேடும் உண்டு. 'டீடெயில்ஸ்' என்று ஒரு பெட்டி, அதற்குள் 'சம்மரி' என்று ஒரு தலைப்பு. இரண்டையும் எழுதினால் பிரவுசரே திறந்து மூடும் பலகையைச் செய்து கொடுத்துவிடும். கீபோர்டு வேலை செய்யும், நிலைமையையும் அதுவே சொல்லும். ஜாவாஸ்க்ரிப்ட் ஒரு வரி வேண்டாம்.

க்ரோமில் 2011-லேயே வந்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2016-ல் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட்தான் ஆடி அசைந்து 2020 ஜனவரியில் வந்து சேர்ந்தது. இப்போது எல்லாவற்றிலும் உண்டு. ஒன்றைத் திறந்தால் மற்றது மூடிக்கொள்ள வேண்டுமா? எல்லாவற்றுக்கும் ஒரே 'நேம்' கொடுத்தால் போதும். 2024 செப்டம்பரிலிருந்து க்ரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் மூன்றுமே இதைச் செய்கின்றன.

அஞ்சு தப்பு

பழமலைநாதர் கோயிலில் கோபுரம் ஐந்து, தீர்த்தம் ஐந்து என்று எல்லாமே ஐந்து ஐந்தாக இருக்கும் என்பார்கள். நாமும் தப்புகளை ஐந்தோடு நிறுத்திக்கொள்வோம்.

1. வேஷம். பட்டன் வேஷம் போட்ட டிவ். பார்த்தாயிற்று.

2. பேய். பலகையை மூடாமல், வெறுமனே கண்ணுக்குத் தெரியாமல் கலரை மட்டும் கரைத்துவிடுவது. உள்ளே இருக்கும் லிங்க்குகள் உயிரோடு இருக்கும். டேப் தட்டினால் வெளிச்சக் கட்டம் எங்கோ காணாமல் போய் ஏழெட்டுத் தட்டுக்குப் பிறகு திரும்பி வரும். காலி வீட்டில் யாரோ நடக்கிற மாதிரி!

3. இரட்டை நாக்கு. பட்டனில் 'காட்டு', 'மறை' என்று எழுத்தையும் மாற்றுவது. நிலைமைச் சீட்டையும் மாற்றுவது. 'மறை, பட்டன், திறந்திருக்கிறது' என்று காதில் விழுந்தால் என்னதான் செய்வது? இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும்.

4. ஒரே பேர். எட்டுப் பட்டனுக்கும் 'மேலும் படிக்க' என்று பெயர் வைப்பது. ஆபீஸில் எட்டு பேருக்கும் பெயர் ராமசாமி என்றால், மேனேஜர் பெல் அடித்துக் கூப்பிட்டால் யார் போவது? 'கட்டண விவரம் படிக்க' என்று வையுங்கள்.

5. கடுகு. கூட்டல் குறி மட்டும்தான் திறக்கும், அதுவும் கடுகு அளவு. கை நடுங்குகிற பெரியவர்கள் அதைத் தொட முயற்சிப்பது ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி. 2023-ல் வந்த விதி, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்ஸல் இருக்கவேண்டும் என்கிறது. முழுத் தலைப்பையுமே பட்டனாக்கினால் எல்லோருக்கும் நல்லது.

கொசுறாக ஒன்று. கடைசி தேதி, கட்டணம், அபராதம், மருந்து அளவு இவற்றை மடித்தே வைக்காதீர்கள். ஒரு வரி விஷயத்துக்கு எதற்குக் கதவு?

காதால் மடித்துப் பிரித்தவர்

'கண் தெரியாதவர்களுக்கு இந்த மடிப்பே எதற்கு, எல்லாவற்றையும் விரித்தே வைத்துவிடலாமே' என்று கேட்கலாம். இங்கேதான் டி.வி. ராமனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

புனேயில் பிறந்தவர். கிளாகோமாவால் 14 வயதில் பார்வை போயிற்று. கணிதம் படித்தார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் படித்தார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1994-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அவர் செய்த ஆராய்ச்சிக்குப் பெயர் ஆஸ்டர். (அவரை வழிநடத்திய நாயின் பெயரும் ஆஸ்டர்!)

கணக்குச் சமன்பாட்டைக் காதால் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வரி முடிவதற்குள் ஆரம்பம் மறந்துபோகும். ராமன் என்ன செய்தார்? நீளமான துண்டை மடித்து அதற்கு ஒரு சின்னப் பெயர் வைத்தார். முதலில் மொத்த வடிவத்தைக் கேட்கலாம். பிறகு வேண்டிய துண்டை மட்டும் பிரித்து உள்ளே போய்க் கேட்கலாம். 1995-ல் ஈமாக்ஸ்பீக் என்ற பேசும் சாஃப்ட்வேரை வெளியிட்டார். 2005-ல் கூகுளில் சேர்ந்தார்.

அதாவது, மடிப்பு கண்ணுள்ளவர்களின் சொத்து அல்ல. காதால் படிக்கிறவர்களுக்கு அது இன்னும் அதிகமாகத் தேவை. நாம் ஒரு பக்கத்தை மேலோட்டமாகக் கண்ணை ஓட்டித் தாண்டிவிடுவோம். அவர்களுக்குக் காதை ஓட்டுவது சுலபமில்லை. நல்ல அக்கார்டியன் அவர்களுக்கு வரப்பிரசாதம். மோசமான அக்கார்டியன் பூட்டிய கதவு.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 சென்சஸ்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கம்ப்யூட்டர் வழியாக வரும் விஷயங்களும் அவர்களுக்கு எட்டவேண்டும் என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அரசு வெப்சைட்டுகளுக்கான வழிகாட்டி 2009-லேயே வந்தது. மூன்றாவது பதிப்பு 2023-ல்.

2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், ராஜீவ் ரதூரி வழக்கில், 'முடிந்தால் செய்யுங்கள்' என்ற ரீதியில் விதி வைத்திருப்பது சட்டத்துக்குப் பொருந்தாது, கட்டாய விதி வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30-ல் ப்ரக்யா ப்ரசூன் வழக்கின் தீர்ப்பு. பாங்க் அக்கவுண்ட் திறக்க 'கேமரா முன்னால் கண் சிமிட்டு' என்றால், ஆசிட் வீச்சில் கண்ணைப் பறிகொடுத்தவர் என்ன செய்வார்? நீதிபதிகள் பார்திவாலாவும் மகாதேவனும் 20 உத்தரவுகள் போட்டார்கள். டிஜிட்டல் வசதி எட்டுவது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையிலேயே அடங்கும் என்றார்கள்.

ஆக, நாளைக்கு உங்கள் கம்பெனி வெப்சைட்டை யாராவது குறை சொன்னால், 'அது டிசைன் டிபார்ட்மென்ட் சமாசாரம்' என்று நழுவ முடியாது ஸார்!

நீங்களே பார்க்கலாம்... அஞ்சு நிமிஷம்தான்

கம்ப்யூட்டர் எழுதத் தெரிய வேண்டாம். லஞ்ச் டயத்தில் செய்யலாம்.

மௌஸைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். உங்கள் ஆபீஸ் பக்கத்தைத் திறந்து டேப் கீ மட்டும் தட்டுங்கள். ஒவ்வொரு கூட்டல் குறியிலும் நிற்கிறதா? எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதா?

நின்ற இடத்தில் என்டர். திறந்ததா? ஸ்பேஸ் பார். மூடியதா? தட்டியதும் உங்களைப் பக்கத்தின் உச்சிக்குத் தூக்கி எறியாமல் அதே இடத்தில் வைத்திருக்கிறதா?

எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். பலகைக்குள் வரிகள் வெட்டுப்படாமல் தெரிகிறதா?

கடைசியாக, உங்கள் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்கை ஆன் செய்யுங்கள். ஒருமுறை தொட்டால் படிக்கும், இரண்டுமுறை தட்டினால் திறக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு விஷயத்தைத் தேடிப் பாருங்கள். (முக்கிய எச்சரிக்கை: ஆன் செய்வதற்கு முன், ஆஃப் செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ளவும். நான் கற்றுக்கொள்ளாமல் ஆன் செய்துவிட்டு, பஸ்ஸில் அரை மணி நேரம் என் மெசேஜ்களை எல்லாருக்கும் ஒலிபரப்பினேன்.)

ஏதாவது ஒன்றில் தோற்றால், அந்த வெப்சைட்டைக் கட்டியவருக்கு ஒரு மெயில் தட்டுங்கள். திட்ட வேண்டாம். 'இந்தப் பட்டன் பட்டனில்லை' என்று ஒரு வரி போதும். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பீங்கான் பேட்டைப் பையனுக்கும் தெரியாதுதானே?

மச்சம்

சுந்தரர் கதையில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் அவ்வளவு பொன்னையும் அப்படியே ஆற்றில் போட்டுவிடவில்லை. அதில் ஒரு துளி வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். மச்சம் என்றால் மாதிரி, சாம்பிள். திருவாரூரில் பொன் வந்ததும் மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது. விடவில்லை. மறுபடி பாடி, சரியான பொன் வந்த பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

கடவுள் கொடுத்ததையே டெஸ்ட் பண்ணி வாங்கியிருக்கிறார் மனுஷர்! நாம் கட்டுகிற வெப்சைட்டை டெஸ்ட் பண்ணாமல் விடலாமா?

பீங்கான் பேட்டையில் அன்றைக்கு மச்சம் என் நண்பர்தான். பையன் மாற்றி முடித்ததும் மறுபடி லேப்டாப்பை அவரிடம் தள்ளினான். இந்தத் தடவை ஒன்றும் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

டேப் தட்டினார். 'பிள்ளையார், பட்டன், மூடியிருக்கிறது.' டேப். 'தசாவதாரம்.' டேப். 'குதிரை.' டேப். 'அகல் விளக்கு, பட்டன், மூடியிருக்கிறது.' என்டர். 'திறந்திருக்கிறது.' அளவு சொன்னது. விலை சொன்னது.

"ஒரு டஜன் எனக்குப் போடு தம்பி" என்றார். பிறகு எங்கள் மௌனத்தைப் புரிந்துகொண்டு, "எனக்கு விளக்கு எதுக்குன்னு யோசிக்காதீங்க. அம்மா கேட்டுக்கிட்டிருந்தாங்க" என்று சிரித்தார்.

பெரியவர் காசு வாங்க மறுத்தார். நண்பர் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன், அந்த வேலைப் பக்கத்தை இப்போதாவது சரிசெய்துவிட்டார்களா என்று.

"போன வாரம் பார்த்தேன். அதே கூட்டல் குறி அப்படியேதான் இருக்கு. மெயில் போட்டிருக்கேன்" என்றார். "எனக்குப் போனது போச்சு. அடுத்த வருஷம் வேற ஒருத்தன் டேப் தட்டுவான் இல்லையா?"

அகல் விளக்குப் பார்சலை மடியில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.